விருந்தாளியாகப் போகாதீர்கள்

(ஹைதராபாத்தில் தமிழ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வட ஐரோப்பாவின் தலைநகர் ஒன்றில் பரிமாற்ற மாணவராக ஒரு பருவம் வாழ்வது. ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ, கோபன்ஹேகன், ரெய்க்யவிக் என்று நார்டிக் நாடுகளுக்கு ஐந்து தலைநகரங்கள் அங்கே இருக்கின்றன. நான் படித்தது பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், 2018-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில். ஆகவே பெரும்பாலும் அந்த ஊரை வைத்தே பேசுவேன்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் என்ன என்று ஹைதராபாத்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? சில்கூர் பாலாஜி கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். விசா கேட்டு வேண்டிக்கொள்பவர்கள் 11 சுற்று சுற்றுகிறார்கள். கிடைத்தவர்கள் திரும்பி வந்து 108 சுற்று சுற்றுகிறார்கள். கையில் சுற்று எண்ணும் அட்டை, நெஞ்சில் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. அந்தப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன். அவர்கள் பட்டத்துக்காகப் போகிறார்கள், வேலைக்காகப் போகிறார்கள், வாங்கிய கடனை அடைத்துத் தங்கையின் படிப்பையும் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறொரு வழி. நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, ஒரே ஒரு பருவம் அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கேயே பட்டம் வாங்குகிற வழி அது.

அது எப்படி நடக்கிறது? இங்குள்ள பல்கலைக்கழகமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. உங்கள் பிள்ளை எங்களிடம் வரட்டும், எங்கள் பிள்ளை உங்களிடம் வரட்டும், கட்டணத்தை அவரவர் தம் சொந்தக் கல்லூரியில் கட்டினால் போதும். இதுதான் ஏற்பாடு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புக்கு வருகிறவர்களிடம் டென்மார்க் 2006-லும், ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. ஒரு காலத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஆனால் பரிமாற்ற மாணவரிடம் இன்றும் அங்குள்ள பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணம் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? தர்மத்துக்கா? இல்லை. உங்களுக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றால், அவர்கள் பிள்ளைக்கு இங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.

இதை மனத்தில் வையுங்கள். நீங்கள் அங்கே இலவசமாக உட்காரவில்லை, உரிமையோடு உட்காருகிறீர்கள். உரிமையோடு உட்காருகிறவருக்குக் கடமையும் உண்டு. வாங்கிக்கொள்ள மட்டும் போகிறவர் விருந்தாளி. கொடுக்கவும் போகிறவர்தான் பரிமாற்ற மாணவர். விருந்தாளியாகப் போகாதீர்கள்! இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் அந்த ஊர் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

ஹெல்சிங்கியின் செப்டம்பர் அழகானது. வெயில் உண்டு, மரங்கள் மஞ்சளாகும், பெரணியும் பாசியும் படர்ந்த காடு நகரத்துக்குள்ளேயே வந்து நிற்கும். படகேறிப் போனால் சுவோமென்லின்னா என்ற கடற்கோட்டை. வந்த புதிதில் எல்லோரும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். பிறகு நவம்பர் வரும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் உதிக்கக் காலை 9.30 மணி ஆகிவிடும், பிற்பகல் 3.15-க்கு மறைந்தும் விடும். முழுப் பகல் 6 மணி நேரம்கூட இல்லை. ஹைதராபாத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரம் நீடிக்கிறது. அந்த இருட்டு உடம்பைச் சோர வைக்கும், மனத்தையும் சோர வைக்கும். பெற்றோர்களே, அங்கிருக்கும் பிள்ளை நவம்பரில் தொலைபேசியில் சரியாகப் பேசவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதிகமாகக் கூப்பிடுங்கள்.

அந்த இருட்டில் நான் கற்ற முதல் பாடம் ஒரு சிறு வில்லை. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் வில்லை அது, வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும். கோட்டுப் பையில் ஊக்கு குத்தி, முழங்கால் உயரத்துக்குக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். நடக்க நடக்க அது ஆடும். காரோட்டி தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைப்பார். இருட்டில் நடந்து போகிறவர் இதை அணியவேண்டும் என்று அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. குழந்தை போடுகிறது, பேராசிரியர் போடுகிறார், நாய்க்குக்கூடக் கழுத்தில் கட்டுகிறார்கள். என்னைப் பார்ப்பது காரோட்டியின் பொறுப்பு என்று நாம் நினைக்கிறோம். அவருக்குத் தென்படுவது என் பொறுப்பும்தான் என்று அங்கே நினைக்கிறார்கள். மெஹ்திப்பட்டணம் சாலையை இரவில் கடக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வில்லை வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

தங்குவதற்கு மாணவர் குடியிருப்பு. ஆளுக்கு ஓர் அறை, சமையலறை பொது, குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. துணி துவைக்கிற அறையில் யார் எந்த நேரம் என்று ஒரு பட்டியல். அவரவர் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியதுதான், கண்காணிக்க ஒருவரும் கிடையாது. உங்கள் நேரம் முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்துவைத்துவிட்டு வரவேண்டும். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நம் வீட்டுப் பழக்கம், அங்கேயும் அதே பழக்கம். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 'சார்' என்றே வளர்ந்த பிள்ளைக்கு நாக்கு எழாது, சில வாரங்களில் பழகிவிடும்.

இதெல்லாம் பழகிவிடுகிற விஷயங்கள். நான் விரித்துச் சொல்ல விரும்புவது அந்த ஊர் மதியச் சாப்பாட்டை.

பல்கலைக்கழக உணவகத்தில் வரிசையில் நின்று தட்டு எடுக்கிறோம். ஒரு சூடான உணவு, காய்கறிக் கலவை, கருப்பு ரொட்டி, ஒரு குவளை பால். நான் படித்த காலத்தில் மாணவர்களுக்கு 3 யூரோவுக்கும் குறைவு. மீதி விலையில் ஒரு பங்கை அரசின் சமூகக் காப்புறுதி நிறுவனமான கெலா ஏற்றுக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவரவரே கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த மேசையில்தான் ஒரு பின்லாந்துத் தோழி பெருமையோடு சொன்னார், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு கொடுத்த முதல் நாடு எங்கள் நாடு என்று. உண்மைதான். 1943-இல் சட்டம் போட்டார்கள். நாடு அப்போது போரில் இருந்தது. ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 1948 முதல் எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்போது நான் வாய்மூடி இருக்கலாமா? விருதுநகர் பக்கத்துப் பெண் நான். காமராஜர் பெயரைச் சொல்லாமல் எழுந்துவிட முடியுமா? 1920-லேயே சென்னையில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதிய உணவைத் தொடங்கிவைத்ததைச் சொன்னேன். 1956-இல் காமராஜர் ஊர் ஊராக விரித்ததைச் சொன்னேன். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியதைச் சொன்னேன். மேசையில் இருந்தவர்கள் கையில் முள்கரண்டியோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் நலவாழ்வு அரசு பற்றிய வகுப்பில் அதையே முழுமையாகப் பேசச் சொல்லிவிட்டார் ஆசிரியர்.

பேசினேன். கேள்விகள் வந்தன. யார் சமைக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன சம்பளம்? எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்களா? முட்டை சாப்பிடாத குழந்தைக்கு என்ன கொடுக்கிறீர்கள்? ஆண்டுகளையும் தலைவர்கள் பெயரையும் படித்து வைத்திருந்த எனக்கு, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என் சித்திதான் வேண்டியிருந்தது. சித்தி கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அன்றிரவே தொலைபேசியில் கூப்பிட்டேன். காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அரிசி அளந்து கொடுப்பதிலிருந்து, சமையலரும் உதவியாளரும் எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிறார்கள், முட்டையை எண்ணி அவித்துக் கொடுப்பது எப்படி, முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். சில ஊர்களில் தலித் பெண் சமைத்த சோற்றை எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று தகராறு செய்கிறவர்கள் இருப்பதையும் சொன்னார். அடுத்த வகுப்பில் அதையும் நான் மறைக்கவில்லை. மறைப்பதற்காக ஒருவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கடைசியில் சித்தி ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, அந்த ஊர்ல கலெக்டர் வீட்டுப் பிள்ளையும் இதே சோத்தத்தான் திங்குதா?"

அந்தக் கேள்வியை அப்படியே வகுப்பில் வைத்தேன். மருத்துவர் வீட்டுப் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை பட்டாணி சூப். நானும் குடித்தேன், பேருந்து ஓட்டுநரின் மகனும் குடித்தான், நகரசபை உறுப்பினரின் மகளும் குடித்தாள். வேறு சாப்பாடு கிடையாது, வேறு பள்ளியும் கிடையாது. இதுதான் அவள் சொன்னது.

அன்பர்களே, ஒரு நூலகமே கற்றுத்தராததை அந்த ஒரு நாள் எனக்குக் கற்றுத்தந்தது. சோறு போடுவதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. அவர்கள் 1948 என்றால் நாம் 1956. ஆனால் பந்தி வேறு! அங்கே எல்லோரும் உட்கார்ந்த பந்தியிலிருந்து இங்கே வசதி உள்ளவர்கள் எழுந்து போய்விட்டோம். அரசுப் பள்ளியை ஏழைகளுக்கு விட்டுவிட்டு, தனியார் பள்ளி வாகனத்தில் நம் பிள்ளைகளை ஏற்றிவிட்டோம். இந்த அரங்கில் இருக்கிற நம்மில் எத்தனை பேரின் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது? பின்லாந்தின் பள்ளி நல்ல பள்ளியாக இருப்பதற்குக் காரணம், நகரசபை உறுப்பினரின் மகளும் அங்கேதான் படித்தாக வேண்டும் என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சித்தியின் கேள்வியும் அந்தப் பெண்ணின் பதிலும் ஒரே அறையில் சந்தித்தபோது வந்தது. நான் ஒன்றும் கொண்டுபோகாமல் கைவீசிப் போயிருந்தால் அந்தப் பதிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

கொடுத்ததற்கும் பலன் இருந்தது. அந்த முதல் தோழி தன் பருவக் கட்டுரையைத் தமிழ்நாட்டுச் சத்துணவைப் பற்றியே எழுதினார்.

இன்னொரு காட்சி. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி, பின்லாந்தின் விடுதலை நாளுக்கு முந்தைய நாள், 'ஓடி' என்ற நகர மைய நூலகத்தை ஹெல்சிங்கியில் திறந்தார்கள். எங்கே கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே! விடுதலையின் நூற்றாண்டையொட்டி நாடு தன் மக்களுக்குக் கொடுத்த பரிசு அது. உள்ளே புத்தகம் மட்டுமா? ஒரு தளம் முழுக்கத் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள், இசைப்பதிவு அறைகள். ஒரு பெரியவர் தன் கால்சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இயந்திரத்தில் ஒரு கல்லூரிப் பெண் நாடக உடை தைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அடையாள அட்டை கேட்டு வாசலில் நிறுத்தவில்லை. நான் வெளிநாட்டுக்காரி, ஒரு பருவம் மட்டும் இருக்கப்போகிறவள். என்னையும் கேட்கவில்லை.

நம் ஹைதராபாத்தில் அப்சல்கஞ்சில் மூசி ஆற்றை ஒட்டி மாநில மத்திய நூலகம் நிற்கிறது. 1891-இல் ஆசஃபியா நூலகமாகத் தொடங்கியது அது. இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் அதன் படியேறியிருக்கிறீர்கள்? ஹெல்சிங்கிக்குப் போகுமுன் அப்சல்கஞ்சுக்குப் போய் வாருங்கள். உங்கள் ஊர் நூலகம் எப்படி இருக்கும் என்று அங்கே கண்டிப்பாகக் கேட்பார்கள்.

தமிழரைப் பற்றி அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறீர்களா? சிந்துவெளி எழுத்து ஒரு திராவிட மொழியைக் குறிப்பது என்று வாதிட்டு வாழ்நாளெல்லாம் உழைத்த அறிஞர் அஸ்கோ பர்போலா ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1960-களிலேயே கணினியின் துணையோடு அந்த ஆய்வைத் தொடங்கியவர். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான செம்மொழித் தமிழ் விருதைப் பெற்றவர். கோபன்ஹேகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் அனுப்பிய கடிதம் அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தெலுங்கு பேசிய மன்னர் தமிழில் எழுதுவித்த கடிதம் அது. தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர்களான நமக்கு அதைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! நமக்கு முன்பே நம் மொழி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆஸ்லோவின் கதை இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நார்வே போனார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். அங்கேயே தங்கிச் சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் நார்வே நண்பர்களின் துணையோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். அவர் போட்ட பாதையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ் இளைஞர்கள் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாகப் போனார்கள். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், தங்கிப் படிக்கிற பள்ளிகள் அவை. பிறகு இலங்கையில் போர் வந்தது, திரும்ப வழியில்லாமல் போயிற்று. வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை பார்த்து அந்த ஊர்களோடு கலந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வேக்குப் போன கம்சாஜினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வாங்கிக்கொள்ள மட்டும் போனவர்களாக இருந்திருந்தால் இந்தச் சமூகம் அங்கே இப்படி நிமிர்ந்து நின்றிருக்குமா?

சரி, போகிற கதையைச் சொன்னேன். வருகிறவர்களின் கதை என்ன? வட ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2001-இல் நார்டிக் சென்டர் இன் இந்தியா என்ற அமைப்பை உருவாக்கின. அதன் வழியாக வந்த மாணவர்களுக்கு நம் கச்சிபௌலியில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில், இக்கால இந்தியா பற்றிய கோடைப் பாடங்கள் நடந்திருக்கின்றன. அங்கே வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் தாகூர் பன்னாட்டு இல்லம் இருக்கிறது. பாறைகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள், சார்மினார் பார்க்கிறார்கள், கோல்கொண்டா ஏறுகிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தார்களா? ஒரு பொங்கல் பானை பொங்குவதைப் பார்த்தார்களா? நம்மில் ஒருவராவது அவர்களை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டோமா? நம் பிள்ளை அங்கே நவம்பர் இருட்டில் தனியாக இருக்கிறதே என்று கண் கலங்குகிற நாம், அவர்கள் பிள்ளை இங்கே மே மாத வெயிலில் தனியாக இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் காத்திருப்பது தெரிகிறது. படிப்புக் கட்டணம் அங்கே இல்லை, வாழ்க்கைச் செலவு உண்டு. 2024 முதல் பின்லாந்தில் குடியிருப்பு அனுமதிக்கு மாதம் 800 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் சில பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகையோடு இடங்கள் வருகின்றன. அவற்றை விசாரித்து வசதியில்லாத மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வசதி உள்ளவர்கள் மட்டும் போய்வந்தால் நான் சொன்ன பந்தி மறுபடியும் பிரிந்துவிடும்.

கல்லூரிகளை நடத்துகிறவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பருவத்துக்கு அங்கே 30 கிரெடிட். பிள்ளை குளிரில் உட்கார்ந்து படித்து முடித்து வந்த பிறகு, இந்தப் பாடம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்று அதே பருவத்தை மறுபடி எழுத வைக்கிற கல்லூரிகள் உண்டு. இது அநியாயம். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதை அனுப்புமுன்பே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஒப்பந்தம் எந்த ஊரோடு இருக்கிறது, இடம் எத்தனை, கடைசித் தேதி எப்போது என்று கேளுங்கள். ஒப்பந்தம் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இடம் கிடைத்தால், புறப்படுமுன் உங்கள் ஊர்ப் பள்ளியில் சோறு ஆக்குகிற அம்மாவிடம் போய் உட்கார்ந்து, அவர் வேலையை முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

பெற்றோர்களே, வரும் தைப் பொங்கலுக்கு வெளிநாட்டு மாணவர் ஒருவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். இதற்குச் சம்மதம் தருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.